கோமதிநாயகம் வீட்டு ஹாலில் ஓடிய டவுன் பஸ்

பாளையங்கோட்டை பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் கோமதிநாயகம். வாய் மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருந்தது. வீட்டைப் புதுப்பிக்க ஜெசிந்தா என்ற டிசைனர் பெண்ணை அமர்த்தியதிலிருந்து சாகுலின் டீக்கடையில் வேறு யாருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை.

“முதல் நாள் வந்த பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல வே. எங்க வீட்டுக்காரி பிச்சம்மாள நிக்க வச்சு, தோசை சுடுத மாதிரி கையக் காட்டச் சொல்லி அளவெடுத்துச்சு. அந்த உயரத்துக்கு அடுப்பு மேடை போட்டோம். அவளுக்குத் தோள்வலி போயே போச்சு.”

“நீரு சொல்லி இது நம்புற மாதிரியே இருக்கே வே!” என்று சாகுல் பதறினார். “உமக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது.

“முழுசாக் கேளும். ஜன்னலை மேற்க வைப்போம்னேன் நான். ரெண்டு விரக்கடை தள்ளி வைப்போம்னுச்சு அது. வச்சோம். குத்தாலத்துச் சாரல் நேரா அடுப்பங்கரைக்கு வந்துட்டு! நேத்து ரசத்துக்குக் குழாயத் திறக்கவே இல்ல. சட்டிய ஜன்னல்ல காட்டினோம், நிறைஞ்சிட்டு.”

தையல்கடை எபநேசர் முறுக்கைக் கடித்தபடி, “புளி?” என்றார்.

“வார வழியில புளியந்தோப்பு இருக்குல்லா? காத்து சும்மாவா வரும்?” கோமதிநாயகத்துக்குச் சூடு பிடித்துவிட்டது. “அலமாரி இருக்கே, அதுக்குள்ள பெருங்காயம் எடுக்கப் போனவன் மூணு நாள் கழிச்சுத்தான் வெளிய வந்தேன். ஊறுகா வரிசையில ராத்தங்கல், அப்பள வரிசையில காலைச் சாப்பாடு.”

“ஹாலு?” என்றார் சாகுல்.

“அத ஏன் கேக்கீரு! காலைல பிச்சம்மா காப்பி குடிக்கக் கூப்பிட்டா, சத்தம் எனக்கு மத்தியானம்தான் வந்து சேருது. அதான் உள்ளேயே டவுன் பஸ் விட்டாச்சு. டைம் போட்டது நான். ரூட் போட்டது ஜெசிந்தா. சோபா ஸ்டாப்பிங்ல ரெண்டு நிமிஷம் நிக்கும்.”

எபநேசர் மிச்ச முறுக்கோடு எழுந்து வேட்டியை உதறினார். “வாரும் வே. ஏறிப் பாத்துருவோம்.” சாகுலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. கோமதிநாயகம் வழியில் அவிழாத செருப்பு வாரை இரண்டு முறை சரிசெய்தார். சுவரொட்டி ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தார். புளுகில் அவரை மடக்க ஆளில்லை என்பது எத்தனை வருஷத்துப் பேர்! ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் முடிந்துவிடுகிற ஹால் அது. அதைவிடப் பயம், ஜெசிந்தா அங்கே இருப்பாள் என்பது. எதைக் கேட்டாலும் அடி, அங்குலம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைக்கிற பெண்.

உள்ளே நுழைந்த எபநேசர் நாலு எட்டு வைத்ததும் பின்சுவரில் மூக்கு இடிக்கப் பார்த்தது.

“டவுன் பஸ் ஓடுத ஹால் எங்கம்மா?”

டேப்பும் கையுமாக நின்ற ஜெசிந்தா, கோமதிநாயகத்தின் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தாள். டேப்பைச் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“இது மாடல் சார். அண்ணாச்சிக்குக் காட்டுறதுக்காகச் சின்னதா ஒண்ணு செஞ்சோம். அசல் வீட்டுக்கு அந்த பீரோவுக்குப் பின்னாடி வழி. இப்போ போயிராதீங்க, பெயின்ட் வேலை நடக்கு. பெயின்டர் நாலாவது சுவரை முடிச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள முதல் சுவர் வெளுத்துப்போச்சு. மறுபடியும் முதல்ல இருந்து அடிக்காரு. உள்ள போகும்போது கல்யாணம் ஆகாத ஆளு. நேத்து பேரனுக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை கொடுத்தனுப்பியிருக்காரு.”

அடுப்பங்கரையில் பிச்சம்மாள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. எபநேசர் வாயில் முறுக்கு அப்படியே நின்றது. சாகுல் பீரோவை விட்டு ஒரு அடி விலகிக்கொண்டார்.

கோமதிநாயகம் இருவரையும் தெருமுனைவரை கொண்டுவிட்டு, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வேலையில தங்கமான பொண்ணு வே. ஆனா... கொஞ்சம் புளுகுது.”