தோண்டிப் பார்த்த ஆமை

கடலுக்கும் கரைக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் நடந்தது இது. அப்போதெல்லாம் ஆமை இருட்டட்டும் என்று காத்திருக்காது. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பிறந்த வீட்டுக்கு வருகிறவள் மாதிரி நிதானமாகக் கரையேறி வரும்.

அப்படி வந்துபோன, பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்கிற இனத்து ஆமை ஒன்றுக்கும், அந்தக் கரையில் குடிசை போட்டிருந்த வேம்பு என்ற மீனவப் பெண்ணுக்கும் ஒரு பேச்சு இருந்தது. வேம்புவின் புருஷன் காத்தான் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். காற்று மாறி அவனுக்குத் திசை தப்பினால், ஆமை முன்னால் நீந்திக் கரைக்குக் கூட்டிவந்துவிடும். ஆமை இட்டுவிட்டுப் போகிற முட்டைகளைக் கரையில் வேம்பு பார்த்துக்கொள்வாள். கையில் அடித்துச் சத்தியம் செய்துகொள்ளவில்லை. “என் ஆளை நீ பாத்துக்க அக்கா, உன் பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்” என்று ஒரு நாள் வேம்பு சொன்னாள். “சரிடி” என்றது ஆமை. அவ்வளவுதான்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. ஆமை குழியை மூடிவிட்டுப் போனதும் வேம்பு அதன்மேல் தாழை முள்ளை வெட்டிப் போடுவாள். நாய் வராமல், நரி வராமல், ஐம்பது நாளும் கண் அங்கேயேதான் இருக்கும். குஞ்சுகள் மணலை முட்டிக்கொண்டு வெளியே வருகிற அன்று ஆமை முழங்கால் தண்ணீரில் வந்து நிற்கும். வேம்பு முந்தானையை வீசிக் காக்கைகளை விரட்டிக்கொண்டே, “இந்தா அக்கா, உன் படை! வாங்கிக்கோ” என்று ஓட்டிக்கொண்டு வந்து விடுவாள்.

மூன்றாவது வருடம் மாசியில் ஆமை கரையேறியபோது வேம்புவின் இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை இருந்தது.

“ஏண்டி, உனக்கே ஒண்ணு கையில இருக்கு. என்னோட நூத்துச் சொச்சத்தை எப்படிப் பாப்பே?” என்று கேட்டது ஆமை.

“உன் பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு மணலுக்குள்ள கிடக்குதுங்க. அதுங்களால என்ன தொல்லை? இவனைத்தான் கொஞ்ச நாளைக்கு உங்கூட அனுப்பலாம்னு பாக்கிறேன், ராத்திரி பூரா தூங்க விடமாட்டேங்கிறான்” என்றாள் வேம்பு. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆமை முட்டைகளை இட்டு மணலைத் தள்ளி மூடியது. வைத்த வாக்கில் விட்டுவிட வேண்டும், ஒரு தரம் புரட்டிவிட்டாலும் உள்ளே இருக்கிற உயிர் தங்காது. அது ஆமைக்கும் தெரியும், வேம்புவுக்கும் தெரியும். அதனால் முள் போடும்போதுகூட வேம்பு மணலை அழுத்தி மிதிக்க மாட்டாள்.

நாற்பது நாள் போல ஆயிற்று. கடல் கெட்டுப் போயிருந்தது. எட்டு நாளாக ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. கரையில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஆமைக்குத் தெரியும். அலைக்கு அந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தபோது, ஒரு கடற்காகம் வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது.

“என்னக்கா, சும்மா மிதக்கிறே?”

“பெத்துப் போட்டுட்டு வந்தவளுக்கு சும்மா ஏதுடா? கரையில என்ன சேதி?”

“என்ன சேதி, பசிதான். ஒரு வீட்டிலயும் புகை இல்லை. உன் சிநேகிதி வீட்டுல மட்டும்தான் புகையுது.”

“வேம்பு வீட்டிலயா? என்ன காய்ச்சுறா?”

“யாருக்குத் தெரியும். பானை மூடியைத் திறந்தா, எட்டிப் பாத்தேன். வெள்ளை வெளேர்னு உருண்டை உருண்டையா வேகுது. உன் முட்டை கணக்கா இருந்துச்சு. ஆவி மூஞ்சியில அடிச்சுது, பறந்துட்டேன்.”

“முட்டைதானா? நல்லாப் பாத்தியா?”

“பாத்ததைச் சொன்னேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே” என்று சொல்லிவிட்டு அது பறந்து போய்விட்டது. அது பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னது.

‘சேச்சே, வேம்பு அப்படிச் செய்வாளா’ என்றது ஒரு மனசு. ‘போன வருஷமாக இருந்தால் செய்யமாட்டாள். இப்போது அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. எட்டு நாள் பசி. பால் ஊற வேண்டாமா?’ என்றது இன்னொரு மனசு. பிள்ளையை ஒருத்தர் கையில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இந்த இரண்டாவது மனசுதான் சத்தமாகப் பேசும். என்ன செய்வது.

ஆமை கரைக்கு நீந்தியது.

அடப்பங்கொடி படர்ந்திருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வேம்புவின் குடிசை தெரிந்தது. உள்ளே அவள் பிள்ளையோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. “வேம்பு” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கூப்பிடத்தான் நினைத்தது. ஆனால் கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை நம்பவேண்டுமே. அதற்கு அப்போது மனசு வரவில்லை.

குழியின்மேல் தாழை முள் போட்டது போட்டபடி இருந்தது. அன்று காலையில்தான் புதிதாக ஒரு மட்டை சேர்த்திருந்தாள், பச்சை வாடவில்லை. அதையும் ஆமை பார்த்தது. பார்த்தும் முள்ளை விலக்கியது. கழுத்தில் கீறியது, பொருட்படுத்தவில்லை. தோண்டியது.

முதல் முட்டை வந்தது. அடுத்தது வந்தது. எடுக்க எடுக்க முட்டை. சுடுமணலில் அவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டன. ‘மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் இருப்பதை எடுத்திருந்தால்?’ இன்னும் தோண்டியது. அடியில், துடுப்பு போன்ற முன்கை எட்டாத ஆழத்தில், ஏழு முட்டை வைத்தது வைத்தபடி கிடந்தது.

ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போதுதான் ஆமை தன்னைச் சுற்றிப் பார்த்தது. எந்த முட்டை எந்த வாக்கில் இருந்தது, எதற்கு மேல் எது இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பதறிப்போய் ஒவ்வொன்றாக உள்ளே தள்ள ஆரம்பித்தது.

“அக்கா! நல்ல நேரத்துக்கு வந்தே!”

மேட்டின்மேல் வேம்பு நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு பூவரசு இலைப் பொட்டலம். “இவனுக்குப் பல்லு முளைச்சிடுச்சு, பாரேன், அரிசி மாதிரி ரெண்டு. கடல் எப்ப திறக்கும்னு காத்திருந்தா ஆகுமா? பானையடியில பிடியரிசி முடிஞ்சு வச்சிருந்தேன். அதை இடிச்சு வெள்ளை உருண்டையா பல் கொழுக்கட்டை செஞ்சு, வழக்கப்படி இவன் தலையில கொட்டிட்டேன். உன் பிள்ளைங்களுக்கும் சேத்துத்தான் உருட்டினேன். பெரியம்மா நீயும் ரெண்டு...”

பேச்சு பாதியில் நின்றது. விலகிக் கிடந்த முள்ளையும், வெயிலில் கிடந்த முட்டைகளையும் அவள் பார்த்தாள். பிள்ளை ஆமையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு துள்ளியது.

“எல்லாம் இருக்கா அக்கா?” என்று கேட்டாள் வேம்பு.

“இருக்குடி” என்றது ஆமை.

வேம்பு திட்டவில்லை. பொட்டலத்தை மணலில் வைத்துவிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மீதி முட்டைகளைக் குழியில் எடுத்து வைத்தாள். மணலை மூடினாள். முள்ளைத் திரும்பப் போட்டாள். ஆமை “வேம்பு” என்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆமை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீருக்குத் திரும்பியது.

கடல் திறந்தது. காத்தான் போனான். ஒரு நாள் காற்று மாறித் திணறியபோது ஆமை முன்னால் நீந்தி அவனைக் கொண்டுவந்து சேர்த்தது. வேம்புவும் கடைசி நாள்வரை குழியைக் காத்தாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைத் தவறவில்லை. ஆனால் ஆமை கரைக்கு வரவில்லை, வேம்புவும் கூப்பிடவில்லை.

ஐம்பதாவது நாள் மணல் அசைந்தது. ஏழு குஞ்சுதான் வந்தது, அடியில் ஆமையின் கை படாத ஏழு. வேம்பு அந்திவரை குழியண்டையே உட்கார்ந்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை. ஏழையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு தண்ணீருக்கு நடந்தாள். முழங்கால் தண்ணீரில் யாரும் நிற்கவில்லை. தூரத்தில், அலைக்கு அந்தப் பக்கம், ஒரு தலை மட்டும் தெரிந்தது.

“வாங்கிக்கோ அக்கா” என்றாள். அந்தத் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. வேம்பு குஞ்சுகளை அலையில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இன்றைக்குக் கடலில் இருக்கிற பங்குனி ஆமைகள் எல்லாம் அந்த ஏழின் வழிதான். வலையில் ஓர் ஆமை மாட்டினால், காத்தானின் வழி வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதை அவிழ்த்துவிடுகிறார்கள். அந்தப் பங்குனியிலிருந்துதான் ஆமை யார் முகத்தையும் பார்க்க முடியாமல் இருட்டில் கரையேறுகிறது. முட்டைகளை மணலுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போகிறது.