முப்பத்தேழாம் நம்பர் கம்ப்யூட்டர்

அந்தக் கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தாலும் கம்ப்யூட்டர் பயிற்சி கட்டாயம். ஆனால் பயிற்சிக் கூடத்துக்குள் கால் வைக்கப் பிள்ளைகள் பயந்தார்கள். ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோன மாணவி திலகவதியின் முப்பத்தேழாம் நம்பர் கம்ப்யூட்டர், பட்டப்பகலில் யாரும் தொடாமலே திரை எரிகிறதாம். கண்ணால் பார்த்தவள் கூடத்தைப் பெருக்கும் செல்லக்கனி ஒருத்திதான்.

கார்த்திகையில் ஆய்வுக்குழு வந்தது. கூடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று குழுத் தலைவி கேட்டார்.

"நான் தினமும் வகுப்பெடுக்கத் தயார் மேடம். இவ கட்டிவிட்ட பேய்க் கதையாலதான் யாரும் வர்றதில்ல" என்றார் பேராசிரியர் ஞானசிகாமணி. பிறகு செல்லக்கனி பக்கம் திரும்பினார். "எங்க, அந்தப் பேயை இப்பவே கொண்டாந்து நிறுத்து. முடியலன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"கொண்டாறேன் சார்" என்று போனவள், அவர் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து தலைவி முன் விரித்தாள்.

அதன்படி திலகவதி, இறந்த மறுநாளிலிருந்து நேற்றுவரை ஒருநாள் விடாமல் வந்திருந்தாள். செய்முறைத் தேர்வில் எண்பத்திரண்டு மதிப்பெண் வேறு. எல்லாம் பேராசிரியர் கையெழுத்து.

"ஒண்ணு, அந்தப் புள்ள தினமும் வந்திருக்கணும். இல்ல, நீங்க ஒருநாளும் வராம இருந்திருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிருங்க சார்."

தலைவி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஞானசிகாமணியை முதல்வர் அறைக்கு வரச் சொன்னார்.

செல்லக்கனி சிரிப்பை அடக்கியபடி கூடத்தைப் பூட்டப் போனாள். முப்பத்தேழு எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரே ஒரு வரி.

"நான் தினமும் வந்தேன் அக்கா."