மூன்றாம் நாள் நின்ற போர்

முன்னொரு காலத்தில் மேற்கே வெண்ணாகன் என்றோர் அரசன், கிழக்கே இளம்பூதன் என்றோர் அரசன். இருவரும் பெரிய அரசர்கள், இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. நடுவே மாட்டிக்கொண்டது இடைப்பள்ளம் என்ற சிற்றூர். அதற்குத் தலைவி சாத்தி.

நெல் முற்றும் நேரம் பார்த்து இரண்டு படையும் அங்கே வந்து இறங்கின. முதலில் ஊருக்கு வெளியே கரம்பு நிலத்தில்தான் மோதினார்கள். வயலுக்குள் புகுந்தால் அந்த ஆண்டு ஊருக்குக் கஞ்சி கிடையாது.

முதல் நாள் துறவிகள் போய் அறம் சொன்னார்கள். அரசர்கள் கும்பிட்டுக் கேட்டுவிட்டு முரசை அடிக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் வணிகர்கள் போய் நட்டம் சொன்னார்கள். அரசர்கள் தலையாட்டிவிட்டு முரசை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாத்தி மோர்ப்பானையோடு போனாள். போர் நடக்கும் ஊர் இரு பாசறைக்கும் மோர் கொடுக்கவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். வென்ற தளபதி பட்டத்து யானைமேல் ஏறித் தலைநகருக்குள் வருவது இன்னொரு வழக்கம்.

வெண்ணாகனிடம் மோரை நீட்டிப் பணிவாகக் கேட்டாள். "மகாராசா, உங்க தளபதி பட்டத்து யானை மேல வரும்போது நாங்க என்ன சொல்லி வாழ்த்தணும்? படையெல்லாம் இப்பவே அவர் பேரைத்தான் சொல்லுது."

அரசன் மோரைக் குடிக்கவில்லை. சாத்தி கிழக்குப் பாசறைக்கும் போய் அதையே கேட்டாள்.

பகைவன் வென்றால் நாட்டில் ஒரு பங்கு போகும். சொந்தத் தளபதி வென்றால் அரியணையே போகும். நடுப்போரில் அவனை நீக்கினாலோ படை திரும்பிக்கொள்ளும். ஆகவே பொழுது சாயுமுன் இரு பக்கத்துத் தூதர்களும் பாதி வழியில் சந்தித்துப் போரை நிறுத்தினார்கள்.

அறம் வென்றது என்றார்கள் துறவிகள். அறிவு வென்றது என்றார்கள் வணிகர்கள். அரசர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அந்தத் தழுவலை நான் நம்பமாட்டேன். சாத்தியும் நம்பவில்லை.

மறுநாளே நெல்லை அறுக்கச் சொன்னாள். இன்னும் பத்து நாள் நின்றால் மணி முற்றுமே என்று ஊரார் முணுமுணுத்தார்கள்.

"அவங்க பகை தீரலை. தளபதிங்களை மாத்தத்தான் போரை நிறுத்தியிருக்காங்க. அதுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்றாள் சாத்தி.

அரைப்பச்சையாகவே அறுத்தார்கள், அவளைத் திட்டிக்கொண்டே அறுத்தார்கள்.

போர் நின்றபின் ஒன்பதாம் நாள் இரண்டு தளபதிகளும் காணாமல் போனார்கள். மேற்கே அரசனின் மைத்துனனும் கிழக்கே அரசனின் மகனும் படைக்குத் தலைமை ஏற்றார்கள். பத்தாம் நாள் மறுபடியும் முரசு கேட்டது. யானைகள் வயலுக்குள் இறங்கின. அங்கே அறுத்த தாள்தான் இருந்தது, நெல் குதிருக்குள் இருந்தது.

ஆகவே கேட்பவர்களே, வல்லவர்கள் சட்டென்று போரை நிறுத்தினால், ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியும்வரை அதைச் சமாதானம் என்று நம்பாதீர்கள்.