ஐஸ் பக்கத்துத் தாழ்ப்பாள்

தொம்.

பிறகு எதையோ நெடுக இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சீறல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், தொம்.

மார்கழி மாதம். மாலை ஐந்து மணிக்கே அந்தக் கனடிய ஊர் இருண்டு போயிருந்தது. ஜெசிந்தா மகளின் கையைப் பிடித்தபடி சறுக்கு அரங்கின் கண்ணாடி வாசலில் நின்றாள். உள்ளே விளக்கு இல்லை.

“அம்மா, உள்ளுக்க என்ன சத்தம்?” என்றாள் மிலானி. அவளுக்கு ஆறு வயது.

“ஒண்டுமில்லை செல்லம்.” சொல்லி முடிப்பதற்குள் ஜெசிந்தாவின் நெஞ்சுக்குள் அருள்நிறை மரியே செபம் பாதி ஓடிவிட்டது.

உள்ளே போனார்கள். வெளியே தெருவிளக்கிலிருந்து வந்த மங்கல் வெளிச்சம் ஐஸின் மேல் கிடந்தது. அதில் சறுக்குப் பழக்கும் ஆரணி பின்பக்கமாக வேகமெடுத்து வந்தாள், எழும்பினாள், மூன்று சுற்றுச் சுழன்றாள், விழுந்தாள். தொம். உடம்பு பத்தடி தூரம் சீறிக்கொண்டு போய் நின்றது. எழும்பித் தொடையைத் தட்டிவிட்டு மறுபடியும் போனாள்.

ஆரணிக்கு இருபத்திரண்டு வயது. மாகாணப் போட்டியில் இரண்டு தரம் முதலாவதாக வந்தவள். தன்னைவிடப் பத்து வயது மூத்த ஜெசிந்தாவை அவள் “அக்கா” என்பாள். ஜெசிந்தா அவளைக் “கோச்” என்பாள். பெயரைச் சொல்லுங்கோ என்று ஆரணி கேட்டும் பார்த்தாள். “கொன்வென்ற்றில படிச்சனான் கோச். படிப்பிக்கிற ஆளைப் பேர் சொன்னால் நாக்குச் சுளுக்கும்” என்று ஜெசிந்தா மறுத்துவிட்டாள்.

மகளைச் சேர்க்கத்தான் அவள் வந்தாள். ‘நான் பக்கத்தில இல்லாட்டி பிள்ளை விழுந்திடும்’ என்று தானும் சேர்ந்துகொண்டாள். எட்டுக் கிழமையாகத் தாயும் பிள்ளையும் ஒன்றாகச் சறுக்கப் பழகினார்கள். நிற்க வந்தது. நிறுத்த வந்தது. ஆனால் கையை விடவில்லை. ஐஸில் இறங்கும் கதவுக்கு ஐந்து முழத்துக்கு அப்பால் போகவுமில்லை.

வீட்டில் அப்படியில்லை. குசினித் தரையில் காலுறையோடு மிலானி தனியச் சுழலுவாள். தாய் எட்டிப் பார்த்தால் உடனே நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

ஆரணி விளக்கைப் போட்டாள்.

“ஏன் கோச் இருட்டில?”

“என்ர அம்மா வெளியில காருக்குள்ள இருக்கிறா. வெளிச்சமெண்டால் கண்ணாடியால பார்த்துக்கொண்டிருப்பா.” ஆரணி கையுறையைக் கழற்றினாள். “அக்கா, இண்டைக்கு மிலானி அந்தக் கரைக்குத் தனியப் போகோணும். போகாட்டி தையில தொடங்கிற வகுப்பில அவளுக்கு இடமில்லை. காத்திருக்கிற பிள்ளையள் கனபேர். நான் போன கிழமையே சொன்னனான்.”

மிலானி தாயைப் பார்த்தாள்.

“போவாள்,” என்றாள் ஜெசிந்தா. மகளின் கையை விடவில்லை.

இருவரும் ஐஸில் இறங்கினார்கள். ஜெசிந்தா ஐஸைச் சுற்றியிருந்த தடுப்புப் பலகையின் கதவைப் பின்னால் சாத்தினாள். ஆரணி வளைந்து வந்து, நிற்பதற்காக அந்தக் கதவில் கையை ஊன்றினாள். கதவு பின்னால் போனது. தடுமாறி, கம்பத்தைப் பிடித்து நின்றாள்.

“இதைப் பூட்டேல்லையோ?”

ஜெசிந்தா கதவை மறுபடியும் இழுத்துச் சாத்தினாள்.

“ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?”

“சாத்துவன் கோச். பூட்டுறேல்லை.”

“எட்டுக் கிழமையா?”

“பிள்ளைக்கு ஏதும் எண்டால் தூக்கிக்கொண்டு ஓடோணும். அந்த நேரம் தாழ்ப்பாளோட மல்லுக்கட்டேலாது.”

ஆரணி குனிந்து இடது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். முழங்காலின் கீழே ஒரு நீளத் தழும்பு, தையலின் புள்ளிகளோடு.

“பன்னிரண்டு வயசு. பின்னுக்கு வந்து குதிச்சனான். இந்தக் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கம்பத்தில போய் அடிச்சன். இரண்டு வருசம் ஐஸில கால் வைக்கேல்லை.”

“கடவுளே! ஆர் திறந்து விட்டது?”

ஆரணி கண்ணாடி வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே ஒரு காரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பலகைக்கு மேலால கையை விட்டு அம்மாதான் திறந்து வைச்சிருந்தவ. நான் விழுந்தால் ஓடி வாறதுக்கு.”

ஜெசிந்தா தழும்பைப் பார்த்தாள். “அதுக்கு முதல் நீங்கள் விழேல்லையோ?”

“விழாமலோ! ஒரு நாளைக்கு முப்பது தரம்.”

“காயம்?”

“விழுந்ததில ஒரு காயமும் இல்லையக்கா.”

ஆரணி கால்சட்டையை இறக்கிவிட்டாள். மிலானி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டுங்கோ அக்கா.”

ஜெசிந்தா வலது கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. அது பழைய தாழ்ப்பாள். கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் இரும்பு துவாரத்துக்கு நேரே வரும். முழங்காலால் நெம்பிப் பார்த்தாள். சப்பாத்து வழுக்கியது. இடது கைக்குள் மகளின் விரல்கள் இருந்தன.

“கோச், ஒரு கையால ஏலாது.”

“ஓம்,” என்றாள் ஆரணி. “ஒரு கையால ஏலாது.”

அவள் உதவிக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெசிந்தா மகளின் கையைப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஒரு கையால் கதவைத் தூக்கி, மறு கையால் இரும்பைப் பிடித்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஐஸ் கீறும் மெல்லிய சத்தம். அது நகர்ந்தது.

தொம்.

ஜெசிந்தா கதவை விடவில்லை. ஆரணியைப் பார்த்தாள். ஆரணி தாழ்ப்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீறல். அமைதி. பிறகு மறுபடியும் அந்தக் கீறல், இன்னும் தூரத்தில், இன்னும் தூரத்தில். எதிர்க்கரைப் பலகையில் இரண்டு சின்னக் கைகள் போய் மோதின.

ஜெசிந்தா முழுப் பலத்தோடு இழுத்தாள். தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது.