எசமான் நினைக்காத ஒன்று

கதை சொன்னால் மட்டும் போதாது, எதிரே உட்கார்ந்து யாராவது உம் கொட்ட வேண்டும். ஒரு ஜமீன்தார் தாம் அளக்கும் கதைகளுக்கு உம் கொட்டவென்றே வடிவாம்பாளை வேலைக்கு வைத்திருந்தார். கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய ஒரே தங்கை பிள்ளை பெற்றிருக்கிறாளாம், அக்காவைக் கேட்டு அழுகிறாளாம். சேதி வந்ததிலிருந்து வடிவாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எசமான், ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேனே."

ஜமீன்தார் சிரித்தார். "உம் கொட்டுறவளுக்குச் சொந்தமா ஒரு நினைப்பா? சரி, நான் நினைக்காத ஒண்ணை நீ நினைச்சுச் சொல்லு. அனுப்பி வைக்கிறேன்."

"மீனுக்குத் தாகம் எடுக்குமா, எசமான்?"

"அதை அப்பவே நினைச்சாச்சு."

"நிலாவுல விதைச்சா என்ன முளைக்கும்?"

"எசமான் அதையும் நினைச்சாச்சு!" என்று பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார்.

வடிவாம்பாள் கடைசியாகக் கேட்டாள்: "இன்னிக்கே வண்டி கட்டி வடிவாம்பாளைத் தங்கச்சிகிட்ட அனுப்பணும். இதை நினைச்சீங்களா?"

"ஓ! நேத்தே நினைச்சுட்டாங்களே!" என்றார் கணக்குப்பிள்ளை, பழக்கதோஷத்தில்.

ஜமீன்தார் அவரை முறைத்தார். நினைத்தேன் என்றால் அனுப்ப வேண்டும், நினைக்கவில்லை என்றால் தோற்றதாகிவிடும். கூடியிருந்த சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கியது.

"வண்டியைக் கட்டுங்கடா!"

வழியில் வண்டிக்காரர் கேட்டார்: "அந்த நேரத்துல எப்படிக்கா அது தோணிச்சு?"

"வேற என்ன தோணும் தம்பி? அவளைக் கட்டிக்கொடுத்த நாள்லேர்ந்து எனக்கு அது ஒண்ணுதானே தோணிக்கிட்டிருக்கு" என்றாள் வடிவாம்பாள்.