கூட இருக்கறவங்க கஞ்சி

தணிகைவேல் உட்கார மாட்டாரு. திருச்சியில அவரைப் பத்தி யாரைக் கேட்டாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க. கல்யாணம், வளைகாப்பு, கம்பெனி ஆண்டு விழான்னு எதுவா இருந்தாலும் மொத்தமா பொறுப்பெடுத்து நடத்திக் குடுக்கறது அவரு தொழில். மண்டபத்துல எல்லாரும் மேடையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இவரு மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசலைப் பார்த்து நிப்பாரு. தாலி கட்டுறதை இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட முழுசா பார்த்ததில்லைன்னு பெருமையாவே சொல்லிக்குவாரு.

எதுக்கும் ஒரு ஸ்டேண்ட்பை வச்சிருப்பாரு. ஜெனரேட்டருக்கு இன்னொரு ஜெனரேட்டர். மைக்குக்கு இன்னொரு மைக். நாதஸ்வரக்காரருக்குக்கூட பக்கத்துத் தெருவுல இன்னொருத்தரு குளிச்சு, பட்டை போட்டு, ரெடியா உட்கார்ந்திருப்பாரு.

குடுக்கறதுலயும் கணக்குப் பார்க்காதவரு. ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் லாபத்துல ஒரு பங்கை தனியா எடுத்து வச்சிடுவாரு. அது போய்ச் சேர்ற இடம் மெய்யம்மையோட கஞ்சிக் கொட்டகை.

மெய்யம்மைக்கு முப்பத்தஞ்சு வயசுகூட ஆகல. அவங்க அண்ணன் அரசு ஆஸ்பத்திரியில மாசக்கணக்குல படுத்துக் கிடந்தப்ப கூட இருந்து பார்த்துக்கிட்டது அவங்கதான். அண்ணன் போய்ச் சேர்ந்தாரு. அவங்க ஊருக்குத் திரும்பிப் போகல. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ல தகரக் கொட்டகை ஒண்ணு போட்டு கஞ்சி காய்ச்ச ஆரம்பிச்சுட்டாங்க. நோயாளிங்களுக்கு உள்ளயே சாப்பாடு உண்டு. கூட இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணும் கிடையாது. வராந்தாவுல துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டு, உள்ள இருந்து எப்ப கூப்பிடுவாங்களோன்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கிடக்கிற அந்த ஜனங்களுக்குத்தான் இந்தக் கஞ்சி.

சாயங்காலம் ஆனா மனசுல எதையாவது போட்டு உழப்பிக்கிட்டு நாலு பேர் மெய்யம்மையைத் தேடி வருவாங்க. மெய்யம்மை அதிகம் பேச மாட்டாங்க. ஆனாலும் ஜனங்க வருவாங்க. தணிகைவேல் மெய்யம்மையை விட பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவரு, ஆனா அம்மான்னுதான் கூப்பிடுவாரு. அவங்க அண்ணேம்பாங்க. குருன்னு யாராவது சொன்னா, "கஞ்சி வேணுமா, சுடுதண்ணி வேணுமா?"ன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் போயிடுவாங்க.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தணிகைவேல் வந்தாரு. அவருக்கு முன்னாடி அவரு போன் சத்தம் உள்ள வந்துச்சு. எடுப்பாரு, எல்இடி ஸ்க்ரீனை இடது பக்கம் தள்ளச் சொல்லுவாரு, வைப்பாரு. திரும்ப அடிக்கும். அடுப்பைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே பேசினாரு. கஞ்சி கிண்டுற சவரிமுத்து கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாரு.

"அண்ணே, ஒரு இடத்துல நில்லுங்க. உங்களைப் பார்த்தா எந்தப் பக்கமா கிண்டிக்கிட்டு இருந்தேன்னு எனக்கே மறந்து போகுது."

தணிகைவேல் நின்னாரு. கால் மட்டும் நிக்கல, ஆடிக்கிட்டே இருந்துச்சு.

வந்த விஷயத்தைச் சொன்னாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய பாட்டுக் கச்சேரி. ஹாலு, லைட்டு, சவுண்டு எல்லாம் தன் செலவு. டிக்கெட் வித்து வர்றது மொத்தமும் கஞ்சிக்கு. இனிமே வருஷம் பூரா அரிசிக் கவலையே வேணாம். சவரிமுத்துவோட துடுப்பு நின்னுபோச்சு. மெய்யம்மை நல்லதுண்ணேன்னாங்க. ரொம்ப சந்தோஷம்னாங்க.

ஆனா தணிகைவேலு முகத்துல சந்தோஷம் இல்ல. தூக்கம் வரலைன்னாரு. சாப்பிட உட்கார்ந்தா எதையோ மறந்துட்ட மாதிரியே எழுந்திரிச்சுடறாராம். முன்னெல்லாம் குடுத்தா ஒரு நாள் ரெண்டு நாளாவது நிம்மதியா இருக்குமாம். இப்ப குடுத்துட்டுத் திரும்பி வர்றப்பவே நெஞ்சு பரபரங்குதாம்.

"எவ்வளவு குடுத்தாலும் குடுத்த மாதிரியே இல்லம்மா. இன்னும் எவ்வளவு குடுக்கணும்?"

மெய்யம்மை, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க.

ஸ்க்ரீனைப் பத்திச் சொன்ன அதே வேகத்துல அதையும் சொன்னாரு. அவரு சம்சாரம் அமுதவல்லிக்கு கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். டாக்டரு ரெண்டு மூணு தேதி சொன்னாரு. இவருதான் வெள்ளிக்கிழமையைப் பிடிச்சாரு.

"இந்த வெள்ளிக்கிழமையா? கச்சேரி அன்னைக்கா?"

"அன்னைக்குத்தாம்மா என் டீம் மொத்தமும் ஊர்ல இருக்கும். அதுலருந்து ரெண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்ல."

அப்புறம் ஏற்பாடு ஒவ்வொண்ணையும் சொன்னாரு. நல்ல பிரைவேட் ஆஸ்பத்திரி. ஏசி ரூம். மருந்து வாங்க ஒரு பையன், வண்டியோட. கூட இருக்க நிவேதா, ஆபீஸ்ல இருக்கறதுலயே பொறுப்பான பொண்ணு. நிவேதாவுக்கு முடியலைன்னா ஸ்டேண்ட்பையா அவ அம்மா. ஒரு கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பக்காவா பண்ணினதில்லைன்னாரு.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"நீங்க இருப்பீங்களான்னு கேட்டா. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் கேக்கல."

போன் அடிச்சுது. இந்தத் தடவை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தாரு. அது அடிச்சு ஓய்ஞ்சதும், அவளுக்கு என் தொழில் தெரியும்மான்னாரு. யாரும் எதுவும் கேக்கல. திரும்பவும், இருவது வருஷமா தெரியும்னாரு.

"நாளைக்குக் காலைல கஞ்சி ஊத்த வாங்கண்ணே."

நான் கேட்டதுக்குப் பதில் என்னம்மான்னாரு. காலைல வாங்கண்ணேன்னு மறுபடியும் சொல்லிட்டு மெய்யம்மை விறகை உள்ள தள்ள ஆரம்பிச்சாங்க.

அவரு கிளம்பினதும் சவரிமுத்து பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. அரிசி இந்த வாரத்தோட சரி. கடைக்காரரு இனிமே கடனுக்குத் தர மாட்டேன்னுட்டாரு. வர்ற மகராசனை ஏதாவது சொல்லி அனுப்பிச்சிடாதீங்கன்னு கெஞ்சாத குறையா சொன்னாரு.

மெய்யம்மை, "எனக்கும் தெரியும் சவரி"ன்னாங்க.

தினமும் கஞ்சி ஊத்தறப்ப அந்த வரிசை லேசுல நகராது. ஒவ்வொருத்தருக்கும் ஊத்திக்கிட்டே மெய்யம்மை ஒண்ணு கேப்பாங்க, "உள்ள யாரு?" அவ்வளவுதான். அதுக்கே சில பேரு அழுதுடுவாங்க. சில பேரு தையல் பிரிச்ச கதையில ஆரம்பிச்சு மாமியாரு கதை வரைக்கும் போவாங்க. பின்னாடி நிக்கறவங்க முணுமுணுத்தாலும், தங்களோட முறை வந்ததும் அவங்களும் சொல்லத்தான் செய்வாங்க. வெயில் ஏறிடும். தணிகைவேல் இதைப் பல தடவை தள்ளி நின்னு பார்த்திருக்காரு. பார்க்கறப்பெல்லாம் கை பரபரக்கும் அவருக்கு.

வியாழக்கிழமை காலைல அவரு தனியா வரல. மினி வேன் ஒண்ணு வந்துச்சு. கயிறு, கயிறு கட்ட ஸ்டாண்டு, டோக்கன், யூனிபார்ம் போட்ட பசங்க, கையில வாக்கி டாக்கி.

சவரிமுத்து வாயைப் பிளந்துட்டாரு. "செண்டை மேளம் பின்னாடி வருதாண்ணே?"

"வேணும்னா சொல்லுங்க, வரவழைச்சிடலாம்"னாரு தணிகைவேல். அவரு நிஜமாத்தான் சொன்னாரு.

மெய்யம்மை கரண்டியை அவருகிட்ட குடுத்துட்டு ஓரமா உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சாங்க.

வரிசை ஓடுச்சு. ஒரு பையன் டோக்கன் வாங்க, தணிகைவேல் ஊத்த, இன்னொரு பையன் துவையல் வைக்க, நகருங்க நகருங்கன்னு குரல் ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஊதாச் சேலை கட்டின ஒரு அம்மா டம்ளரை நீட்டிட்டு நகராம நின்னாங்க. அவங்க புருஷன் நேத்துதான் கண்ணைத் திறந்தாராம்.

"சந்தோஷம்மா. அப்படியே இந்தப் பக்கம் வந்துடுங்க."

அந்த அம்மா டம்ளரைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, நகர்ந்தாங்க. நேரா மெய்யம்மைகிட்டப் போய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னமோ சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வெங்காயத்தாலயோ என்னவோ, ரெண்டு பேருமே கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. கஞ்சி ஆறிக்கிட்டு இருந்துச்சு.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் ஊத்தி முடிச்சாச்சு. பசங்க கயிறைச் சுருட்டினாங்க. தணிகைவேல் வேர்க்க விறுவிறுக்க வந்தாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரு முகத்துல ஒரு தெளிச்சி. பாதி நேரத்துல முடிச்சாச்சு பார்த்தீங்களான்னாரு. இதையே தினமும் பண்ணலாம், ரெண்டு பசங்களை நிரந்தரமா இங்கயே விட்டுடறேன், சம்பளம் என் பொறுப்பு, நீங்க வரணும்னுகூட அவசியமில்லன்னு அடுக்கிக்கிட்டே போனாரு.

மெய்யம்மை உரிச்ச வெங்காயத்தைத் தண்ணியில போட்டாங்க.

"அந்த ஊதாச் சேலைக்காரம்மாவுக்கு உள்ள யாருண்ணே?"

"எந்த ஊதாச் சேலை?"

மெய்யம்மை எழுந்து பானைகிட்ட வந்தாங்க. அடியில இன்னும் கொஞ்சம் கஞ்சி மிச்சம் இருந்துச்சு. வார்டுல இருந்து தாமதமா இறங்கி வர்றவங்களுக்குன்னு எப்பவும் அதை வச்சிருப்பாங்க.

தணிகைவேலுக்கு அப்பத்தான் பசி தெரிஞ்சுது. நேத்து ராத்திரியும் சாப்பிடல. கழுவி வச்சதுல ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாரு.

"எனக்கும் ஊத்துங்கம்மா. சாயங்காலம் அவளை அட்மிட் பண்ணணும், அதுக்குள்ள மேடை வேலை பார்க்கணும். இனிமே சாப்பிட நேரம் இருக்காது."

மெய்யம்மை பானையை மூடினாங்க.

"இது கூட இருக்கறவங்களுக்குண்ணே."

விளையாட்டுன்னு நினைச்சு அவரு சிரிச்சாரு. "என் வீட்லயும்தானேம்மா ஒருத்தி உள்ள போறா. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன்."

"கூட யாரு இருக்கா?"

"நிவேதா. சொன்னேன்ல, ரொம்ப நல்ல பொண்ணும்மா. அவளை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டா."

போன் அடிச்சுது. மேடைக்காரன். சவரிமுத்து அடுப்புச் சாம்பலைக் கிளறுற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நீட்டின டம்ளர் நீட்டினபடியே இருந்துச்சு.

மெய்யம்மை மூடி மேல இருந்து கையை எடுக்கல.

"அப்ப அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்கண்ணே. அவளுக்கு ஊத்தறேன்."