செவ்வாய்க்கிழமைச் செருப்புகள்

ஒரு தெருக்கோடி வீட்டின் கதவுக்கு, இருட்டிய பிறகு, இதுவரை கேட்காத சத்தம் ஒன்று கேட்டது. சப், சரக். சரக், சரக்... சப்.

"ரெண்டு பேரா வர்றாங்க?" என்றது கதவு.

"ஒரே ஆள்தான். நம்ம பெலிக்ஸ்," என்றது தாழ்ப்பாள். "கால்ல போட்டிருக்கிறதுதான் ரெண்டு தினுசு."

சரியாகத்தான் சொன்னது. மதுக்கடை பெஞ்சுக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பை பெலிக்ஸ் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். இடக்காலில் அவனுடைய ரப்பர் செருப்பு. வலக்காலில் யாரோ ஒருவருடைய தோல் செருப்பு.

தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லை. பெலிக்ஸ் வெளியே இருக்கும்போது அதைப் போட்டால், கதவைத் தட்டித் தெருவையே எழுப்பிவிடுவான். அவன் உள்ளே இருக்கும்போது போட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று வெளியே ஓட முடியாது. அதனால் அவன் மனைவி ரெஜினா கதவை வெறுமனே சாத்தி வைத்துவிட்டுக் கண் மூடாமல் படுத்திருப்பாள்.

மறுநாள் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தே, வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று கேட்டுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாதா கோயிலுக்குப் பின்னாடி ஒரு அறையில கூடுவாங்க. குடியை நிறுத்தணும்னு நினைக்கிறவங்கதான். காசு கிடையாது. போர்டும் கிடையாதும்மா. வாசல்ல செருப்பு கிடக்கும், அதுதான் அடையாளம்."

செவ்வாய்க்கிழமை ரெஜினா பையைக் கட்டி வைத்துக்கொண்டு பேசினாள். "என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் அங்க போயிட்டு வாங்க. போகலேன்னா நான் பிள்ளையோட அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

பெலிக்ஸ் எழுந்தான். அதே இரண்டு தினுசுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மதுக்கடைக்குத் திரும்பும் முக்கு வந்ததும் ரப்பர் செருப்பு தானாகவே திரும்பியது.

"எங்கவே போறீரு?" என்றது தோல் செருப்பு.

"பழக்கம்தான் துரை. இந்த வழி எனக்குத் தூக்கத்திலேயே தெரியும்."

"எனக்கும் தெரியும். என் ஜோடியைத் தொலைச்சதே அங்கதான். நான் வரல."

ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, பெலிக்ஸ் முக்கில் தடுமாறி நின்றான். பிறகு நேரே நடந்தான்.

கோயிலுக்குப் பின்னால் அறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே போவதுதான் கஷ்டமாக இருந்தது. தெரிந்தவன் எவனாவது இருந்தால்? அவன் திரும்பிப் போகப் பார்த்தான்.

"நில்லும்," என்றது தோல் செருப்பு. "அங்க கிடக்கிறது என் ஜோடி."

"அதுக்குப் பக்கத்துல கிடக்கிறது என்னோடது," என்றது ரப்பர் செருப்பு.

பெலிக்ஸும் பார்த்துவிட்டான். இடது தோல், வலது ரப்பர். தன்னைப் போலவே பொருந்தாத செருப்போடு ஒருவன் இதே வாசலுக்கு வந்திருக்கிறான். பெலிக்ஸ் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டான்.

"இத்தனை நாளா எங்க இருந்தே?" என்றது இடது தோல்.

"ஒரு குடிகாரன் கால்ல," என்றது வலது தோல்.

"ரொம்பப் பெருமைதான். நான் மட்டும் என்ன, பாதிரியார் கால்லயா இருந்தேன்?"

உள்ளே ஒரு குரல் கேட்டது. "என் பேரு சண்முகராஜ். நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்குக் குடிக்கல."

வரிசையாக வேறு குரல்கள் பேசின. கடைசியில் ஒரு குரல், "என் பேரு பெலிக்ஸ்," என்று சொல்லி அதோடு நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. டம்ளரில் டீ ஊற்றும் சத்தம்தான் கேட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பெலிக்ஸும் சண்முகராஜும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள்.

"அப்போ அது நீங்கதானா," என்று சிரித்தார் சண்முகராஜ்.

பெலிக்ஸ் கூச்சத்தோடு தோல் செருப்பை அவர் பக்கம் தள்ளினான். "உங்களோடது, அண்ணே."

அவர் அதைத் திருப்பித் தள்ளினார். "அடுத்த செவ்வாய் மாத்திக்குவோம். என் செருப்பு உங்ககிட்ட இருந்தா நான் வந்தாகணும். உங்களோடது என்கிட்ட இருந்தா நீங்க வந்தாகணும்."

"இன்னும் ஒரு வாரம் உம்மகூடவா?" என்று முனகியது ரப்பர் செருப்பு.

வீட்டில் ரெஜினா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் கேட்டது. சப், சரக். அதே சத்தம். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பையை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு, தாயி," என்றது தாழ்ப்பாள். அது அவளுக்குக் கேட்கவில்லை.

"அதே சத்தம்தானே?" என்றது கதவு.

"அதேதான். ஆனா இன்னிக்குத் தாளம் தப்பல."

சப், சரக். சப், சரக்.

பெலிக்ஸ் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். அவன் மேல் டீ வாசனைதான் அடித்தது. அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். "சோறு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். ரெஜினா பிள்ளையைக் கிடத்திவிட்டு, கதவருகே வந்து வெகுநேரம் நின்றாள்.

"நாளைக்கு எப்படியோ?" என்றது தாழ்ப்பாள்.

"அதை நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றது கதவு. "இப்போ அவ கை வருது. துருவைச் சாக்குச் சொல்லாதே."

ரெஜினா தாழ்ப்பாளை உள்ளிருந்து இழுத்துப் போட்டாள்.